பார்ட் டைம் வேலையை நம்பி ஜப்பானா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறான். ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் தேர்வில் முதல் படியான என்-5 தேறிவிட்டான். டோக்கியோவில் ஒரு மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். “பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ், சாப்பாடு, பேங்க் தவணை எல்லாம் கட்டிவிடலாம், இரண்டு வருஷத்தில் நிரந்தர வேலை” என்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஏஜென்ட் உங்களுக்குப் போட்டுக் காட்டாத கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம்.

மாணவர் விசாவில் போகிறவர் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம். டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். ஒரு வாரம்கூடத் தவறாமல் 28 மணி நேரமும் உழைத்தால் மாதம் சுமார் 1,48,000 யென் வரும். மொழிப் பள்ளியின் முதல் வருடச் செலவு பெரும்பாலும் 7 லட்சத்திலிருந்து 9 லட்சம் யென். 8 லட்சம் என்றே வைத்தாலும் மாதத்துக்கு 67,000 போய்விடும். மீதி 81,000-ல் அறை வாடகை, சாப்பாடு, ரயில், போன், கரண்ட், காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு மூன்று பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு தானே சமைத்துச் சாப்பிட்டால் எப்படியோ ஓட்டலாம். பேங்க் தவணைக்கு இதில் இடமே கிடையாது.

இதுவும் இறங்கிய மறுநாளே வேலை கிடைத்தால்தான். என்-5 மொழியறிவோடு கன்வீனியன்ஸ் ஸ்டோர் கல்லாவில் நிற்க முடியாது. பேச்சே தேவைப்படாத வேலைகள்தான் கிடைக்கும்: பெட்டிச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலை, பார்சல் பிரிக்கும் கிடங்கு. அங்கே நைட் ஷிஃப்ட் அதிகம். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 25 சதவீதம் கூடுதல் கூலி என்பது சட்டம், அதனால் பையன்களும் ஆசையாகவே போவார்கள். காலை 9 மணி வகுப்பில் தூங்குவார்கள், பிறகு வகுப்புக்கே வரமாட்டார்கள். வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விசா நீட்டிப்பில் குடியேற்றத்துறை கேள்வி கேட்கும். ஜப்பானிய மொழி படிக்கப் போனவன் மொழி வராமலே திரும்புவது இப்படித்தான்.

இன்னொரு விஷயம், ஃபீஸை எப்போது கட்ட வேண்டும் என்பது. பள்ளிதான் உங்கள் மகனுக்காகக் குடியேற்றத்துறையிடம் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். ‘சி.ஓ.இ.’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அது கிடைக்க ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். கிடைத்ததும் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். கட்டிய பிறகுதான் சான்றிதழ் கைக்கு வரும், அதை வைத்துத்தான் விசா. ஆக, விமானம் ஏறுவதற்கு முன்பே கட்ட வேண்டிய பணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகு சம்பாதித்துக் கட்டலாம் என்கிறார் உங்கள் ஏஜென்ட்!

28 மணி நேரத்தை மீறிவிடலாம் என்று அங்கே இருக்கும் ‘அண்ணன்’கள் யோசனை சொல்வார்கள். எந்தக் கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஏழு நாளுக்குள் 28-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. சம்பள விவரம் நகராட்சியின் வரிப் பதிவில் ஏறிவிடும். பின்னால் விசா நீட்டிக்கும்போதோ மாற்றும்போதோ அதே வரிச் சான்றிதழைக் கேட்டால் தப்பிக்க வழியில்லை. பச்சின்கோ சூதாட்டக் கூடங்களிலும் இரவுக் கேளிக்கை விடுதிகளிலும் பாத்திரம் கழுவும் வேலைகூடப் பார்க்கக் கூடாது.

சரி, “இரண்டு வருஷத்தில் நிரந்தர வேலை”? மொழிப் பள்ளியில் அதிகபட்சம் இருக்க முடிந்ததே இரண்டு வருடம். அதன் சான்றிதழ் பட்டம் ஆகாது. அலுவலக வேலைக்கான விசாவுக்குப் பொதுவாகப் பல்கலைக்கழகப் பட்டமோ, ஜப்பானின் ‘சென்மோன் கக்கோ’ எனப்படும் தொழிற்கல்லூரிப் பட்டயமோ வேண்டும். இங்கே பி.இ., பி.எஸ்சி. முடித்துவிட்டுப் போகிறவர் மொழிப் பள்ளியிலிருந்து நேராக வேலைக்குத் தாவலாம். பிளஸ் டூவோடு போகிற உங்கள் மகனால் முடியாது. இன்னும் இரண்டு வருடம் தொழிற்கல்லூரி அல்லது நான்கு வருடம் பல்கலைக்கழகம், அதற்குத் தனி ஃபீஸ். ஏஜென்ட் இரண்டு வருடம் என்றது குறைந்தது நான்கு. ‘குறிப்பிட்ட திறன்’ விசா என்று ஒன்று உண்டு. அடுத்த படியான என்-4 தேர்வும் தொழில் தேர்வும் தேறினால் சில துறை வேலைகளுக்குப் போகலாம்; முதியோர் பராமரிப்பு என்றால் அதற்கான மொழித் தேர்வும் தேற வேண்டும். ஆனால் அதற்கு மொழிப் பள்ளிக்கு 8 லட்சம் யென் கொட்டத் தேவையே இல்லை. அந்த விசாவின் முதல் நிலையும் மொத்தம் ஐந்து வருடம்தான், குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது.

பையனின் ஜப்பான் ஆசையை மூட்டை கட்டச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் மொழி. என்-5 என்பது வாசற்படி: ஏறக்குறைய 150 மணி நேரப் படிப்பு, ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி வந்த எழுத்துகள் நூறு. பல பள்ளிகள் விண்ணப்பிக்கவே கேட்கும் குறைந்தபட்சம் அது, அவ்வளவுதான். ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். என்-3 சான்றிதழ் வைத்திருப்பவர் போனில் வேலை கேட்கத் திணறுவது அதனால்தான். குறைந்தது என்-4, முடிந்தால் என்-3 வரை இங்கேயே படிக்கட்டும். இங்கே ஆகும் செலவு அங்கே ஆவதில் ஒரு துளி. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு ஜூலையிலும் டிசம்பரிலும் இந்தத் தேர்வை நடத்துகிறது.

தமிழ்ப் பையனுக்கு இலக்கணத்தில் பாதி வேலை மிச்சம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘தபெதெ ஷிமத்தா’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டேன்’. ‘கத்தெ ஒகு’ என்றால் ‘வாங்கி வை’. நம் வினையெச்சமும் துணைவினையும் அப்படியே வந்து உட்காரும். இங்கிலீஷ் வழியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் இதற்கு ஒரு வாரம் மல்லுக்கட்டுவார். குறில் நெடிலும் ஒற்றும் காதுக்குப் பழக்கம் என்பதால் ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி என்ற வேறுபாட்டில் நாம் தடுக்கி விழமாட்டோம். (தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ எழுதியதை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தேர்வுக்கு அது தேவையுமில்லை.)

இடறுவது வேறிடத்தில். நோட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். க-வும் ப-வும் வன்மையா மென்மையா என்று நம் எழுத்து காட்டாது. சாவிக்கும் அவர்களுடைய ஒரு பழத்துக்கும் நாம் ‘ககி’ என்றே எழுதுவோம். அங்கே இரண்டும் வேறு ஒலி. நான் மேலே ‘தபெதெ’ என்று எழுதியதிலும் அந்த ‘பெ’, ‘அன்பே’யில் வரும் மென்மையான ஒலி. அதை எழுத்து உங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிரகானா 46, கதகானா 46. இரண்டு வாரத்தில் இவற்றைக் கையால் எழுதப் பழகிவிட்டு, தமிழில் குறிப்பெடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். காஞ்சி எழுத்தைத் தனியாகப் படிக்காமல் சொல்லோடு சேர்த்து நாளுக்கு ஐந்து. அங்கே வகுப்பில் பக்கத்து மேசையில் சீன மாணவர் உட்கார்ந்திருப்பார். வாசிப்பில் அவருடைய வேகத்துக்குத்தான் பாடம் ஓடும்.

எந்தப் பருவத்தில் சேர்வது என்பதும் முக்கியம். பள்ளிகள் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் ஆள் சேர்க்கின்றன. ஏப்ரலுக்கான விண்ணப்பம் முந்தைய இலையுதிர் காலத்திலேயே, பெரும்பாலும் நவம்பருக்குள், முடிந்துவிடும். டிசம்பர் தேர்வின் முடிவு ஜனவரியில்தான் வரும், அது ஏப்ரலுக்கு உதவாது. ஏப்ரலில் சேர வேண்டுமானால் ஜூலை தேர்வு. பல்கலைக்கழகம் போகும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டு மாணவர்களுக்காக ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும் இ.ஜே.யு. நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். அதில் ஜப்பானிய மொழித் தாளில் கட்டுரையும் உண்டு.

வங்கிக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் கைமாற்று வாங்கி 15 லட்சம் போட்டுக் காட்டலாம் என்று யோசனை வரும். இருப்பு எவ்வளவு என்பதோடு நிற்காமல் அது எப்படிச் சேர்ந்தது என்றும் அதிகாரி பார்ப்பார். வருமானச் சான்றும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் நிராகரிப்பு. அந்தப் பதிவு அங்கேயே இருக்கும், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது எடுத்து ஒப்பிடுவார்கள்.

கடன் இல்லாத வழியையும் விட்டுவிட வேண்டாம். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இளநிலைப் பட்டம், கோசென் தொழில்நுட்பக் கல்லூரி, சென்மோன் கக்கோ என மூன்று பிரிவு உண்டு. ஃபீஸ் கிடையாது, விமான டிக்கெட் அவர்களுடையது, மாதம் 1,17,000 யென். இளநிலைப் பட்டத்துக்கான ஐந்து வருடத்தில் முதல் வருடம் மொழிப் பயிற்சியே. போட்டி கடுமை, கணக்கில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். தூதரகம் வழியாக விண்ணப்பம், ஏஜென்டுக்கு இதில் வேலை இல்லை. அவர் இதைச் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே புரியும். சொந்தப் பணத்தில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலானவற்றில் சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென், வருடத்துக்கு 5,35,800 யென். சேர்க்கைக் கட்டணம் கட்டும் முதல் வருடம் தாண்டினால் தனியார் மொழிப் பள்ளியைவிட மலிவு!

இவ்வளவுக்கும் பிறகு மொழிப் பள்ளிதான் என்று முடிவெடுத்தால், முதல் வருட ஃபீஸும் ஆறு மாதச் செலவும் கடனில்லாமல் கையில் இருக்கட்டும். பார்ட் டைம் சம்பளம் கைச்செலவுக்கு. இறங்கும் விமான நிலையத்திலேயே வேலை அனுமதிப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். மறந்தால் குடியேற்ற அலுவலகத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீடு பிடித்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு, அன்றைக்கே தேசிய மருத்துவக் காப்பீடு. மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் நாம் கட்டினால் போதும். 20 வயதானதும் ஓய்வூதியச் சந்தா கேட்டுக் கடிதம் வரும். மாணவர் சலுகைக்கு எழுதிக் கொடுத்தால் தள்ளிவைப்பார்கள், கடிதத்தைக் குப்பையில் போட்டால் நிலுவை ஏறும்.

ஏஜென்டிடம் மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பள்ளியின் முழுப்பெயர் என்ன, 2024 ஏப்ரலில் வந்த சட்டப்படி ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் அதற்குக் கிடைத்துவிட்டதா? சி.ஓ.இ. மறுக்கப்பட்டால் எந்தத் தொகை திரும்ப வரும், எது வராது? பள்ளிக்குப் போகும் பணம் எவ்வளவு, அவருக்குப் போவது எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு “எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ்” என்று பதில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.