சின்னப் பாய்ப்படகு முரட்டுக் கடலைத் தாங்குமா? கேள்வி பதில்

கேள்வி: பழைய கேட்டலினா 22 பாய்ப்படகு ஒன்று விலைக்கு வருகிறது. கரையோரக் கடலுக்கு ஆகுமா, அண்ணா?

பதில்: 15,000க்கும் மேல் கட்டிய படகு, மோசமாக இருக்காது. ஆனால் ஏரிக்கும் விரிகுடாவுக்கும்தான் அது பொருத்தம். கீல் (படகின் அடியில் நீளும் கனத்த தகடு) தூக்கி இறக்கும் வகை என்றால் அதன் எடை 250 கிலோ. இறக்கியபின் பூட்ட ஒரு போல்ட் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். பூட்டாமல் போய்ப் படகு பக்கவாட்டில் படுத்தால் கீல் உள்ளே மடிந்துவிடும், நிமிர்த்த ஆளில்லை. அப்புறம் காக்பிட்டில், அதாவது ஓட்டுபவர் உட்காரும் பள்ளத்தில் உள்ள சாமான் பெட்டி மூடிகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? சாய்ந்த படகில் தண்ணீர் அந்த வழியாகத்தான் புகும்.

கேள்வி: படகு எவ்வளவு எளிதில் கவிழும் என்று காட்டும் கவிழ்வு எண் 2-க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறார்களே?

பதில்: பவுண்டில் உள்ள எடையை 64-ஆல் வகுத்து, கன மூலம் கண்டு, அடியில் உள்ள அகலத்தை அதனால் வகுப்பார்கள். கேட்டலினா 22-க்கு சுமார் 2.3, காண்டெஸா 32 என்ற இன்னொரு பாய்ப்படகுக்கு 1.8. பதினைந்து போட்டியாளர்களைப் பலிகொண்ட 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயப் புயலில், மிகச் சிறிய பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகான அசென்ட் ஒரு காண்டெஸா 32. ஆக, எண்ணில் விஷயம் இருக்கிறது. ஆனால் எடை எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது: கீலில் இருக்கும் ஈயமும் பாய்மர உச்சியில் கட்டிய ராடாரும் அதற்கு ஒன்றுதான்!

கேள்வி: வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க?

பதில்: போஃபோர்ட் அளவில் காற்று விசை 5, அதாவது ஓரளவு பலமான காற்று, இருக்கும் நாளில் போங்கள். அமைதியான நாளில் எல்லாப் படகும் நல்ல படகுதான். நான் ஓட்டுவது இங்கிலாந்தின் சோலண்ட் நீரிணையில். ஹர்ஸ்ட் முனையில் வற்று நீரோட்டமும் தென்மேற்குக் காற்றும் மோதும்போது அலை குட்டையாக, சுவர் மாதிரி எழும். அப்படிப்பட்ட அலையில் மெயின் பாயைக் குறுக்கி, காற்றை நோக்கி ஏற்றிப் பாருங்கள். டில்லரை (சுக்கான் பிடியை) இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் இன்னும் குறுக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் படகை விட்டுவிடுங்கள். அடுத்து, எஞ்சின் இல்லாமல் காற்றுக்குக் குறுக்கே திருப்புங்கள். ஒருமுறை இரவல் வாங்கிய 23 அடிப் படகு மூன்று தடவையும் அலையில் முட்டி நின்றுவிட்டது, கரையோ பின்னால். கடைசியில் காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றித்தான் தப்பித்தேன். அன்று செய்த தப்பு, பாயை இறுக்கி வைத்தது. சற்றுத் தளர்த்தி, வேகம் பிடித்து, அலை தணியும் இடைவெளியில் திருப்பியிருக்க வேண்டும்.

கேள்வி: படகில் ஐரோப்பிய வடிவமைப்பு வகை 'சி' முத்திரை இருக்கிறது. 2 மீட்டர் அலை வரை கவலையில்லையா?

பதில்: அந்த 2 மீட்டர், எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவில் ஒன்றிரண்டு நான்கு மீட்டரை நெருங்கியும் வரும்.