ஆடியிலும் படபடக்கிறதா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43. வீட்டிலேயே பலகாரத் தொழில். கல்யாணச் சீருக்கும், சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கும் சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் செய்து கொடுக்கிறார். கணவர் சிங்கப்பூரில், மகன் பிளஸ் டூ, மாமியாருக்குச் சர்க்கரை. சில மாதங்களாக விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வந்துவிடுகிறதாம். மூச்சை இழுத்து இழுத்து விட்டால் விரல் நுனி மரத்துப் போகிறதாம். ஈசிஜி சரியாக இருக்கிறது. “யோகா பண்ணு, நடக்கப் போ என்கிறார்கள். அதற்கெல்லாம் நேரம் இருந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு? தெரிந்தவர் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரை இருக்கிறது. போடலாமா?” என்று கேட்கிறார்.

மாத்திரையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

யோகா விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நல்லதுதான். ஆனால் கழுத்து வரை வேலை இருப்பவரிடம் இன்னொரு வேலையைக் கொடுத்தால், அதையும் செய்யவில்லையே என்ற உறுத்தல்தான் மிஞ்சும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது வேலையின் அளவைவிட வேறொன்று கண்ணில் பட்டது: உங்கள் நாள் எத்தனை மணிக்கு முடிகிறது என்று அதில் எங்கேயும் இல்லை. கடை வைத்திருப்பவர் ராத்திரி ஷட்டரை இழுத்துவிடுவார். முகப்பில் மாவும் பட்டாலையில் டின்களுமாக இருக்கும் வீட்டில் எதை இழுப்பது?

சரி, முதலில் ஒன்றைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, சீர் ஆர்டரும் குறைந்திருக்கும். அந்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கினீர்களா? தூங்கினீர்கள் என்றால் இது பெரும்பாலும் வேலை தந்த அழுத்தம். வேலையை ஒழுங்கு செய்தால் குறையும். ஆர்டரே இல்லாத நாளிலும் மனம் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட்டது, அதுவும் பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கு மேலாக என்றால், அதைப் பதற்ற நோய் என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் என்றதும் பயப்படாதீர்கள். சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும் நோய் இது.

ஏன் நாலு மணி? பின்னிரவுத் தூக்கம் இயல்பிலேயே ஆழம் குறைந்தது. எழுவதற்குத் தயாராக, கார்டிசால் என்ற ஹார்மோனும் விடியலை ஒட்டி ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் லேசாக விழிப்புத் தட்டுவது எல்லோருக்கும் உண்டு, புரண்டு படுத்தால் போய்விடும். நீங்கள் கைபேசியை எடுக்கிறீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அங்கே அப்போது ஆறரை. யாராவது எழுந்து, “அதிரசம் எப்ப அனுப்புவீங்க?” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பார். அப்புறம் எங்கே தூக்கம்!

அதனால் கைபேசி படுக்கும் இடத்தில் இருக்க வேண்டாம். எழுப்ப ஒரு அலாரக் கடிகாரம் போதும். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைக் குறித்து வைக்கலாம். மற்ற நேரத்தில் தானாகப் போகிற பதில் ஒன்றையும் எழுதி வைக்கலாம்: “காலை 9 முதல் மாலை 6 வரை ஆர்டர் எடுக்கிறோம், நாளை பதில் தருகிறோம்.” இதனால் வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார். உங்கள் கை மணகோலம் வேண்டும் என்பவர் காலை வரை காத்திருப்பார். இன்னொன்று, அடுப்படி வேலையைத்தான் காரைக்குடியில் செய்ய வேண்டும். ஆர்டர் எழுதுவது, பாக்கி கேட்பது இரண்டையும் சிங்கப்பூரில் இருந்தும் செய்யலாம். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது.

மாலை ஆறு மணிக்கு ஆர்டர் நோட்டில் மறுநாள் வேலைகளை எழுதிவிடுங்கள். மாவு திரிப்பது, வெல்லம் வாங்குவது, மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை, மகனின் டியூஷன் பணம், எல்லாமே. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். அதனால் படுக்கப் போகும்போது நோட்டை ஒருமுறை திறந்து, விட்டுப்போனதைச் சேர்த்து மூடிவிடுங்கள்.

மூச்சு விஷயத்தில் ஒரு திருத்தம். பதறும்போது “நல்லா மூச்சை இழு” என்பார்கள். வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்ததும் அதனால்தான் இருக்கும். மூக்கால் நாலு எண்ணிக்கை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். நீளமாக வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். எண்ணெய் காயக் காத்திருக்கும் இரண்டு நிமிடம் பழகினால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

காபியைப் பற்றிச் செட்டிநாட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

இனி மாத்திரை. கடையில் அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் அல்பிரசோலம் வகையாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அன்றைக்குத் தூக்கம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடலாம். பழகியபின் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பதற்ற நோய்க்கு மருத்துவர்கள் முதலில் தருவது வேறு வகை. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், இப்படி அடிமைப்படுத்தாது. அதோடு மருந்தே இல்லாமல், பேச்சு மூலம் தரும் சிகிச்சையும் இருக்கிறது.

மேலே சொன்னதைச் செய்தும் மூன்று, நான்கு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் தாமதிக்க வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரி நாலு மணிக்கும் எடுப்பார்கள். தைராய்டு அதிகமானாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அந்த இரண்டு பரிசோதனையையும் இந்த வாரமே எடுத்து ஈசிஜியோடு கொண்டுபோங்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சு அழுத்தி வலித்தால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவி வியர்த்தால், அதைப் பதற்றம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே 108.