ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகம்: இதில் நகைச்சுவை எங்கே இருக்கிறது?

'அண்மையில் செர்ரித் தோட்டம் வாசித்தேன். நான்கு அங்கமும் வெறும் பேச்சு, ஒன்றும் நடக்கவில்லை. இதைப் போய்ச் செகாவ் நகைச்சுவை என்றாராமே?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலரை முதலில் விரட்டுவது பெயர்கள். ரனேவ்ஸ்கயாவும் லியுபோவ் அந்திரேயெவ்னாவும் ஒரே ஆள், தோட்டத்தின் சொந்தக்காரி. யெர்மலாய் அலெக்ஸேயிச் என்று கூப்பிடப்படுகிறவர் வணிகர் லோபாகின். பாத்திரப் பட்டியலை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யார் கையில் எவ்வளவு பணம் என்பதையும் எதிரே குறியுங்கள்.

ஏனென்றால் பணத்தைப் பின்தொடர்ந்தால்தான் சிரிப்பு வரும். தோட்டம் கடனில் மூழ்கி, ஆகஸ்ட் 22 அன்று ஏலத்துக்கு வருகிறது. மே மாதமே லோபாகின் வழி சொல்லிவிடுகிறார்: நிலத்தை மனை போட்டுக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விடுங்கள், ஆண்டுக்குக் குறைந்தது 25,000 ரூபிள் வரும். ரனேவ்ஸ்கயாவின் அண்ணன் காயெவ் அதை அபத்தம் என்று தள்ளிவிட்டு, நூறு வயதான புத்தக அலமாரிக்கு வாழ்த்துரை வழங்குகிறார்! ரனேவ்ஸ்கயா, வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்ற நிலையில், வழிப்போக்கனுக்குத் தங்கக் காசைத் தூக்கிக் கொடுக்கிறார். ஏலத்தன்று வீட்டில் இசைக்குழு, நடனம். யரஸ்லாவ்ல் நகரத்துப் பாட்டி அனுப்பிய 15,000 வட்டிக்கே காணாது. அதை வைத்துக்கொண்டு காயெவ் போய் நிற்க, ஏலத்தில் எதிராளி ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கடனுக்கு மேல் 30,000 கேட்கிறார். பிறகு அவர் ஐயாயிரமாக ஏற்ற, லோபாகின் பத்தாயிரமாக ஏற்றி, கடனுக்கு மேல் 90,000-இல் முடிக்கிறார். இந்த ஏலம் மேடையில் நடப்பதே இல்லை, லோபாகின் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும். உங்களுக்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றியது இதனால்தான்.

அடுத்து, '(மௌனம்)' என்ற குறிப்பு. கண் அதைத் தாண்டி ஓடிவிடும். வாய்விட்டு வாசியுங்கள், அந்த இடம் வந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். கடைசி அங்கத்தில் லோபாகின், ரனேவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள் வார்யாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கவேண்டும். அதற்காகவே இருவரையும் தனியே விட்டிருக்கிறார்கள். அவரோ குளிரைப் பற்றிப் பேசுகிறார், மூன்று டிகிரி உறைபனியாம். நான் பார்க்கவில்லை என்கிறாள். மௌனம். எங்கள் வெப்பமானியும் உடைந்துவிட்டது என்கிறாள். மௌனம். வெளியே யாரோ கூப்பிட, அவர் போய்விடுகிறார். மௌனங்களை எடுத்துவிட்டால் இது வானிலை அறிக்கை.

இந்த அங்கத்தை இழுத்து இழுத்து வாசிக்கவும் கூடாது. ரயிலுக்கு 46 நிமிடம், 20 நிமிடத்தில் கிளம்பவேண்டும் என்று லோபாகின் தொடக்கத்திலேயே அவசரப்படுத்துகிறார். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இதைச் சோக நாடகமாகவே பார்த்து மேடையேற்றினார். 12 நிமிடத்தில் முடியவேண்டிய அங்கத்தை 40 நிமிடம் இழுக்கிறார்கள் என்று செகாவ் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார். (12 கொஞ்சம் மிகைதான்.)

ஆனால் முழுக்கச் செகாவ் கட்சியும் அல்ல நான். 87 வயது வேலைக்காரர் பிர்ஸை மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார்கள். காலையிலேயே சொல்லிவிட்டேன் என்கிறான் ஒருவன். யாரும் போய்ப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போனபிறகு, உள்ளேயிருந்து அவர் நடந்து வருகிறார். அந்தப் பக்கத்தில் மட்டும் நான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி பக்கம்.