காதைப் பொத்திக்கொண்டவர்

அன்புள்ள அக்கா,

என் தம்பிக்கு 31 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. சில சொற்கள்தான் பேசுவான். எங்கள் பெற்றோர் குழு சென்ற மாதம் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தியது. இருநூறு பேர் வந்தார்கள். தம்பியை ‘தெய்வக் குழந்தை’ என்று அறிவித்து மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள். கைதட்டல் எழுந்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே இப்படிப் பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. எத்தனை முறை நோட்டீஸ் கொடுத்தும் அவர்கள் வரவில்லை. அம்மா தினமும் இரவில் ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்று அழுகிறார். நாங்கள் செய்வதில் பயன் ஏதும் உண்டா?

வி.

அன்புள்ள வி.,

அந்த மேடையில் உங்கள் தம்பி தன் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. உங்கள் குழு அடுத்த நிகழ்ச்சிக்குத் திட்டம் போடும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் அக்கா மகன் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். அவனுக்காகப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு உரையிலும் அவன் பெயர் வரும். ஒன்றைக்கூட அவனிடம் வாசித்துக் காட்டி, ‘இதைச் சொல்லலாமா?’ என்று கேட்டதில்லை. ஒருநாள் அவனே என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தேய்த்தான். இப்போது நினைத்தாலும் மனம் குறுகிப்போகிறது.

குடும்பங்கள் செய்தது சிறிய வேலை இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் ‘படிக்க லாயக்கில்லை’ என்று பள்ளிகள் ஒதுக்கியபோது பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டது. 1971-72இல் கிடைத்த தீர்வு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கிய 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவிட்டது. ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1974இல் ஆரிகன் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே ஒரு மாநாடு நடத்தினார்கள். ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்று தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் நாங்கள் மனிதர்கள், மற்றதெல்லாம் பிறகு என்பது அந்தப் பெயரின் பொருள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் இதையே சட்டமொழியில் சொல்கிறது: முடிவெடுக்கும் தகுதி எல்லோருக்கும் சமம்; அதற்கு உதவி தேவைப்பட்டால் அந்த உதவியை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சரி, சில சொற்களே பேசும் ஒருவரிடம் எப்படிக் கேட்பது? இதில் அவசரப்படக் கூடாது. ‘வருகிறாயா?’ என்று கேட்டால் பலர் ‘ஆமாம்’ என்பார்கள். அது விருப்பம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆமாம் என்றால் நம் முகம் மலர்கிறது என்பதை அவர்கள் வருடக்கணக்காகப் பார்த்துப் படித்து வைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு படங்களைக் காட்டிக் கேளுங்கள்: ஒன்று கூட்டம், ஒன்று வீடு. இன்னொரு நாள் படங்களை இடம் மாற்றிக் கேளுங்கள். எப்போதும் வலப்பக்கத்தையே தொடுகிறாரா, படத்தைத் தொடுகிறாரா என்று அப்போதுதான் தெரியும். பதிலுக்குக் காத்திருங்கள். நாம் இரண்டு விநாடியில் பொறுமை இழந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அவருக்கு அரை நிமிடம் தேவைப்படலாம். ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்பது ஒருமுறை பலித்தால்தான் அடுத்த ‘ஆமாம்’ உண்மையாக வரும். ‘தெய்வக் குழந்தை’ என்ற அறிவிப்பையும் விட்டுவிடுங்கள். குழந்தையிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, தெய்வத்திடமும் கேட்பதில்லை. அவர் 31 வயது ஆண்.

உங்கள் தெருவின் அந்த இரண்டு வீடுகளின் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வராததற்கு அலட்சியம் காரணமாக இருக்காது. ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பில்லாமையே காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் சொல்லியது. ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964இல் அதை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று எழுதினார். அதற்குப் பிறகும் 1967இல் புருனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் தாய்மார்களையே குற்றம் சொன்னார், உலகம் அவரை நம்பியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை கிளப்பிய புரளி இன்னொரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது, ஆனால் பழி இன்னும் முழுதாக அழியவில்லை. இவ்வளவையும் கேட்டு வளர்ந்த வீட்டின் கதவு நோட்டீஸுக்குத் திறக்காது. கையில் எதுவும் இல்லாமல், குழுவைப் பற்றிப் பேசாமல், நீங்கள் மட்டும் போங்கள். அந்த அம்மா கடைசியாக எப்போது விடியும்வரை தூங்கினார் என்று கேளுங்கள். முடிந்தால், இரண்டு மணி நேரம் பிள்ளையோடு நான் இருக்கிறேன், நீங்கள் வெளியே போய்வாருங்கள் என்று சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது தடவையில் குழுவைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

அம்மாவின் கேள்விக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். அதை இனிச் சொல்லாதீர்கள். அன்பில்லாமல் இதைச் சொல்லவில்லை. தனி ஒருவர் மீது மொத்தப் பாரத்தையும் வைத்தால் அந்தப் பயம் அம்மாவிடமிருந்து உங்களுக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. கனடாவின் வான்கூவரில் பெற்றோர் சிலர் இதே கேள்வியோடு 1989இல் ‘பிளான்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரையும் சுற்றி, சம்பளம் வாங்காத ஐந்தாறு நண்பர்களின் வட்டத்தை அமைப்பதுதான் அவர்களின் முக்கிய வேலை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அது நடக்கிறது. உங்கள் தம்பிக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். உறவினரும் ஆசிரியரும் தெரபிஸ்டும் கணக்கில் வேண்டாம். ஒருவர்கூட இல்லையென்றால் வேலை அங்கே தொடங்குகிறது.

அதோடு அம்மாவை ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். தம்பிக்கு வலித்தால் எப்படிக் காட்டுவார், எந்தச் சத்தம் ஆகாது, எந்தச் சட்டை உறுத்தும், தூக்கம் வராத இரவில் எது அவரை அமைதிப்படுத்தும் என்பதெல்லாம் இன்று அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டால் ‘ஆட்டிசம் அப்படித்தான்’ என்று மருத்துவர்கள் அனுப்பிவிடுவதுண்டு. உண்மையில் அது பல்வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம். ‘இவருக்கு வலித்தால் இப்படித்தான் செய்வார்’ என்று எழுதிய ஒரு வரியை நீட்டினால் பார்க்காமல் அனுப்புவது அவர்களுக்கே கடினம். இரவில் அழும் நேரத்தில் அம்மா தினம் ஒரு வரி எழுதட்டும். எழுதியதைத் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்த இரண்டு வீடுகளில் எதற்கு முதலில் போனீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா