படைத் தேர்வுக்கு நான்கு மாதங்களே உள்ளன, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் வேகத்தைக் கூட்டுவது எப்படி?

2.4 கிலோமீட்டரை இப்போது 14 நிமிடங்களில் ஓடுவதாகவும், தேர்வில் 12 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் அதே தூரத்தை நாள்தோறும் முழு வேகத்தில் ஓடுவதாகவும், கணைக்கால் எலும்பில் வலி தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்றாட முழுவேக ஓட்டத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். முதல் முறை தயாரானபோது நானும் இதையே செய்தேன். ஐந்தாம் வாரத்தில் நொண்டத் தொடங்கினேன், எலும்பில் நுண்முறிவு என்று தெரிந்தபோது தேர்வு கைநழுவிப் போயிருந்தது.

இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். எலும்பு அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. புதிய சுமை விழும்போது உடல் பழைய எலும்புத் திசுவை முதலில் அரித்து நீக்கிவிட்டு, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிட, கட்டுமானம் மாதக்கணக்கில் நீள்வதால், இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கிறது. மூச்சு சீராகிவிட்டது, இன்னும் வேகமாக ஓடலாம் என்று நமக்குத் துணிவு வருவதும் அதே வாரங்களில்தான். விரல் நுனியால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலி தொடர்ந்தாலோ, மருத்துவரைப் பார்க்கும்வரை ஓடவே வேண்டாம்.

வலி தணிந்த பின் வாரத்தில் நான்கு நாட்கள் ஓடினால் போதும். அவற்றில் மூன்று நாட்கள், பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடுங்கள். இது வீண் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் பெரும்பாலும் சோதிப்பது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைத்தான். அந்தத் திறனுக்கு அடித்தளம் இடுவது மெதுவான, நீண்ட ஓட்டமே.

நான்காவது நாள் வேகத்துக்கு உரியது. 12 நிமிடம் என்பது 400 மீட்டர் தடத்தில் சுற்றுக்கு 2 நிமிடம் வீதம் ஆறு சுற்றுகள். ஒரு சுற்றை 1 நிமிடம் 55 விநாடிகளில் ஓடி, 2 நிமிடம் நடந்து, இப்படி ஆறு முறை செய்யுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல ஓடும் வேகத்தைக் கூட்டாமல், நடக்கும் நேரத்தை மட்டும் குறைத்து வாருங்கள். முழுத் தூரத்தையும் கடிகாரம் பிடித்து ஓடிப் பார்ப்பதை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் தண்டாலும் புல்-அப்பும் (கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுப்பது) இருந்தால், களைத்து விழும்வரை ஒரே மூச்சில் எடுப்பதைவிட, உங்களால் முடிந்த எண்ணிக்கையில் வேளைக்குப் பாதி வீதம், ஒரு நாளில் நான்கைந்து வேளை எடுப்பதே எனக்குப் பலன் தந்தது. ஒரு புல்-அப்கூட எடுக்க முடியாதவர், கம்பிக்கு மேல் தாடை இருக்கும் நிலையில் தொடங்கி, ஐந்து விநாடிகள் எடுத்துக்கொண்டு உடலை மெல்ல இறக்கிப் பழகலாம். முழங்கை முழுமையாக நீளாத தண்டால் பல தேர்வுகளில் கணக்கில் வராது என்பதால், முதல் நாளிலிருந்தே முழுமையாக எடுத்துப் பழகுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தேர்வு நாளன்று எல்லோரும் முதல் சுற்றில் பாய்ந்து ஓடுவார்கள். நீங்கள் பின்தங்கினாலும் 1 நிமிடம் 55 விநாடிக்கு முன்பாக அந்தச் சுற்றை முடிக்காதீர்கள். இரண்டாம் முறை நான் நான்காம் சுற்றுவரை கடைசி வரிசையில்தான் இருந்தேன். 11 நிமிடம் 38 விநாடிகளில் முடித்தேன்.