பொண்ணு ஸ்கூபி-டூ பார்த்துட்டு அனிமேஷன் படிக்கணும்னு சொல்றா, விடலாமா?

சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு பிளஸ் டூ, பயோ-மேத்ஸ், மார்க்கும் நல்லா வருது, ஆனா ராத்திரி உக்காந்து பழைய ஸ்கூபி-டூ கார்ட்டூன் எபிசோடா போட்டு பார்த்து, அதை யார் வரைஞ்சாங்க, யார் குரல் குடுத்தாங்கன்னு தனி நோட்டு போட்டு எழுதறான்னு பயந்து போய் இருக்கீங்க. அந்த நோட்டை மட்டும் புடுங்கிடாதீங்க ப்ளீஸ். கார்ட்டூன் பிடிக்கும்னு சொல்ற பசங்க நிறைய பேர் வர்றாங்க, அது எப்படி உருவாச்சுன்னு தோண்டுற பசங்க ரொம்ப கம்மி.

நோட்டுல வரையறதா, கதையா, குரலா, டெக்னிக்கலா, எந்தப் பக்கம் நிறைஞ்சிருக்குன்னு பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். அனிமேஷன்னு நாம ஒரே பேர்ல சொல்றோம், உள்ள போனா பத்து பதினஞ்சு தனித்தனி தொழில் இருக்கு.

ஸ்கூபியையே எடுத்துக்கோங்க. அந்தத் தொடர்ல வர்ற நாய் அது, அதை வடிவமைச்சவர் இவாவோ டகமோட்டோ, அமெரிக்காவுல பொறந்த ஜப்பானிய வம்சாவளி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல டீன் ஏஜ்லயே அவரைக் குடும்பத்தோட மன்சனார் முகாம்ல (ஜப்பானிய வம்சாவளிக்காரங்களை அமெரிக்க அரசு அடைச்சு வச்ச இடம்) அடைச்சு வச்சாங்க, அங்க கூட இருந்தவங்ககிட்டதான் வரையக் கத்துக்கிட்டார், ஆர்ட் காலேஜ் பக்கமே போகல, வெளிய வந்து வரைஞ்ச நோட்டை எடுத்துட்டுப் போய் 1945ல டிஸ்னியில வேலை வாங்கினார், அப்புறம்தான் ஸ்கூபி-டூவைத் தயாரிச்ச ஹானா-பார்பரா ஸ்டுடியோ. ஸ்கூபியை வரையறதுக்கு முன்னாடி, கிரேட் டேன் நாய் வளர்த்த ஒரு ஸ்டுடியோ ஊழியர்கிட்ட, நல்ல ஜாதி நாய்னா எப்படி இருக்கும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். முதுகு நேரா இருக்கணும், கால் நேரா இருக்கணும், தாடை இப்படி இருக்கணும்னு அவங்க சொல்லச் சொல்ல, இவர் எல்லாத்தையும் தலைகீழா போட்டார்: கூன் முதுகு, வளைஞ்ச கால், பெரிய தாடை. சிரிப்பு வருதுல்ல, அதுக்குக் காரணம் இதுதான். சரியான நாய் எப்படின்னு தெரிஞ்சவராலதான் இவ்வளவு அழகா தப்பா வரைய முடியும். அதனால உங்க பொண்ணு ஸ்கூபியைப் பார்த்து அப்படியே வரையறதை கொஞ்சம் குறைச்சுட்டு, தெரு நாய், பஸ் ஸ்டாண்டு, பாட்டி தூங்கறதுன்னு கண்ணால பார்க்கறதை வரையட்டும். டிசைன் காலேஜ்ல போர்ட்ஃபோலியோ (தான் வரைஞ்சதோட தொகுப்பு) கேட்டா அந்த மாதிரி படத்தைத்தான் தேடிப் பார்ப்பாங்க.

கதைப் பக்கம் நிறைஞ்சிருந்தா ரூட் வேற. தொடரை உருவாக்கின ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் ரெண்டு பேருமே அதே ஹானா-பார்பரா ஸ்டுடியோ எடிட்டிங் டிபார்ட்மென்ட்ல இருந்து எழுத்துக்கு வந்தவங்க. அப்போ சனிக்கிழமை கார்ட்டூன்ல அடிதடி ஜாஸ்தின்னு பெற்றோர் அமைப்புகள் சண்டை போட்டதால அமெரிக்காவோட சிபிஎஸ் டிவி சேனலுக்கு அடிதடி இல்லாத கதை வேணும், இவங்க பேய் மர்மம்னு கொண்டு போனா குழந்தைங்க ரொம்ப பயப்படும்னு மேலிடம் திருப்பி அனுப்பிடுச்சு. அப்புறம் ஓரத்துல இருந்த நாயை ஹீரோவாக்கி, சிரிப்பை ஏத்தி, 1969 செப்டம்பர் 13 அன்னிக்கு ஒளிபரப்பாச்சு. திருப்பி அனுப்பினதும் மூட் அவுட் ஆகாம மாத்தி எழுதத் தெரியணும், இந்த ஃபீல்டுல தினமும் அதுதான் வேலை.

குரல்லயும் வாழ்க்கை இருக்கு, 1969ல அதே தொடர்ல வர்ற ஃப்ரெட்ங்கற பையனுக்குப் பேச ஆரம்பிச்ச ஃப்ராங்க் வெல்கர் 2002ல இருந்து ஸ்கூபிக்கும் பேசறார்.

டெக்னிக்கல் ஆர்வம் இருக்கான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன். பழைய எபிசோடுல எந்தக் கதவு திறக்கப்போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுதா, ஏன்னு பொண்ணுகிட்ட கேளுங்க. அசையாத பின்னணியை தனியா பெயிண்ட் பண்ணுவாங்க, அசையற பொருளை மேல வைக்கிற கண்ணாடி மாதிரி ஷீட்ல வரைவாங்க, அதனால அந்தக் கதவு மட்டும் கலர் கொஞ்சம் வேறயா பளிச்னு நிக்கும். இதை அவளே சொல்லிட்டான்னா கம்பாசிட்டிங் (தனித்தனி அடுக்கை ஒண்ணா சேர்க்கறது), லேயவுட் (காட்சியில எது எங்க வரணும்னு அமைக்கறது) பக்கமும் யோசிக்கலாம்.

படிப்புக்கு வருவோம். அகமதாபாத் என்ஐடி (தேசிய டிசைன் கல்லூரி) பி.டெஸ்ல, அதாவது டிசைன் டிகிரியில, அனிமேஷன் இருக்கு, அதுக்கு டாட்னு (DAT) ஒரு நுழைவுத் தேர்வு. ஐஐடி பாம்பே டிசைனுக்கு யூசீட்னு (UCEED) ஒரு நுழைவுத் தேர்வு. எந்த குரூப் எடுத்தவங்களும் எழுதலாம், பயோ-மேத்ஸ் வீணாப் போச்சேன்னு கவலையே வேண்டாம். சென்னை தரமணி எம்ஜிஆர் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல அனிமேஷன்-விஷுவல் எஃபெக்ட்ஸ் டிகிரி இருக்கு, அரசு கல்லூரி. இல்லைன்னா நல்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) காலேஜ், கூடவே ஃப்ரீயா கிடைக்கிற பிளெண்டர்ங்கற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்.

ஒண்ணை மறைக்காம சொல்றேன் சார், ஆரம்ப சம்பளம் ஐடி அளவுக்கு எதிர்பார்க்காதீங்க, நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல வெளிநாட்டு ஆர்டர் வேலை நிறைய, டெட்லைன் நேரத்துல வீட்டுக்கு லேட்டாதான் வருவா. லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு போர்டு வச்சிருக்கிற இடத்துல, போன வருஷம் படிச்சு முடிச்ச பசங்களோட ஷோரீலை (அவங்க செஞ்ச வேலையோட சின்ன வீடியோ) காட்டச் சொல்லுங்க, காட்டலைன்னா அட்வான்ஸ் கட்டாம கிளம்பி வந்துடுங்க.