சாவி ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள்: வாகனச் சாவி பற்றிய கேள்வி பதில்

ஹட்டனில் வாகன மின்வேலையும் சாவி வேலையும் செய்து வருகிறேன். மலைநாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தார் ‘திறப்பு’ என்பதை நாங்கள் ‘சாவி’ என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணா, ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்குவா ஒன்றை வாங்கி மூன்று வருடமாகிறது. ஒரே ஒரு ஸ்மார்ட் சாவிதான் தந்தார்கள். இன்னொன்று செய்யும் செலவு பெரிதாகத் தெரிகிறது. இருப்பது தொலைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. என்னிடம் வருகிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் வண்டியிலுள்ள அண்டெனா தாழ்ந்த அலைவரிசையில், 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒரு கேள்வியை அனுப்புகிறது. உங்கள் பையிலிருக்கும் சாவி அதற்குரிய இரகசியப் பதிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் கணினி வண்டியை இயங்க விடும். பதிவான சாவி ஒன்று கையில் இருந்தால், வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை மாட்டி, முதலில் அந்தச் சாவியை வண்டிக்குக் காட்டி, அதன் சாட்சியில் புதிய சாவியையும் சேர்த்துவிடலாம். நிம்மதியாக, உங்கள் கண் முன்னே முடிகிற வேலை.

ஒரு சாவியும் இல்லையென்றால் சாட்சி சொல்ல ஆளில்லை. பழைய பதிவுகளை அழித்து, பாதுகாப்பு அமைப்பையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். டொயோட்டாவில் அந்த மீட்டமைப்புக்கு மட்டும் ஏறத்தாழ 16 நிமிடம் பிடிக்கும். நடுவில் 12 வோல்ட் பற்றரி தளர்ந்தால் வேலை கெடும் என்பதால் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். சில மாடல்களில் கணினிப் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் நினைவகச் சிப்பை நேரடியாக வாசிக்க வேண்டும். இத்தனைக்கும் மேல், ஓடாத வண்டியை மலைப் பாதையில் ஏற்றி இறக்குகிற கூலி வேறு. இரண்டாவது சாவிக்கான செலவைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் நம் பக்கம் ஓடுபவற்றில் பல, வயதான, பல கை மாறிய வண்டிகள். கை மாறும்போதெல்லாம் சாவி ஒன்று குறைந்துபோகிறது. வாங்கும் நாளிலேயே “மற்றச் சாவி எங்கே?” என்று கேளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: ஐயா, விடியற்காலையில் ரிமோட் வேலை செய்வதில்லை. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. சாவி பழுதா?

பெரும்பாலும் பற்றரிதான் அம்மா. சாவிக்குள் இருப்பது 3 வோல்ட் லித்தியம் வில்லை. குளிரில் அதன் உள்தடை கூடும். புதிய வில்லை அதைத் தாங்கிவிடும். தேய்ந்த வில்லையால் பொத்தானை அழுத்தும் கணத்தில் தேவையான மின்னோட்டத்தைத் தர முடியாது. தை, மாசியில் புல்லில் உறைபனி படர்கிற உங்கள் ஊரில் இது வழக்கமான முறைப்பாடு. கம்பளையில் இன்னும் சில மாதம் ஓடியிருக்கக்கூடிய பற்றரி, 1868 மீட்டர் உயரத்தில் தைக் குளிரில் நின்றுவிடும். மார்கழி பிறக்கும் முன் மாற்றிவிடுங்கள். இரவில் சாவியை வண்டிக்குள் விட்டுவைக்கவும் வேண்டாம். வண்டிக்கு அருகிலேயே இருக்கும் ஸ்மார்ட் சாவி அடிக்கடி விழித்துக்கொண்டு பற்றரியைக் கரைக்கும்.

வெலிமடையிலிருந்து: பற்றரியில் 2032, 1632 என்று இருக்கிறதே, எதையும் போடலாமா?

போடக் கூடாது. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு தடிப்பு. 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. 2025 அதே அகலம், ஆனால் மெலிந்தது. 2032இன் இடத்தில் போட்டால் தொடுமுனை சரியாக அழுந்தாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். பழையதில் உள்ள எண்ணையே வாங்குங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: பற்றரியை மாற்றினால் சாவியின் பதிவு அழிந்துவிடுமா?

அழியாது. பதிவு நிற்கும் நினைவகத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

பண்டாரவளையிலிருந்து: அண்ணன், பஸ் நிலையத்தருகே ஒரு கடையில் சாவி வெட்டிக்கொண்டேன். கதவு திறக்கிறது. இயந்திரமும் ஸ்டார்ட் ஆகி, இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. அவர் இரும்பைச் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். அந்தச் சாவியில் இரகசியப் பதிலைச் சொல்லும் சிப் இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அந்தச் சுருளே சிப்புக்கு மின்சாரத்தை ஊட்டி, அதன் பதிலைக் கேட்கும். அதனால்தான் அந்தச் சிப்புக்குப் பற்றரியே வேண்டாம். பதில் வரவில்லையென்றால் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மீட்டர் பலகையில் சாவி வடிவ விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள்.

வெட்டிய சாவியை எறிய வேண்டாம். வண்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டால் கதவைத் திறக்க உதவும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த பழைய வண்டிகள் பலவற்றில் சிப் கிடையாது. அவற்றுக்கு உங்கள் கடைக்காரர் வெட்டுவதே போதும்.

பதுளையிலிருந்து: இணையத்தில் என் சாவியைப் போலவே ஒன்றை வாங்கினேன். பொத்தான், வடிவம், சின்னம் எல்லாம் ஒன்றே. மூன்று பேரிடம் கொடுத்தும் பதிவாகவில்லை.

தோற்றம் சாவியைப் பற்றி எதையும் சொல்லாது. ஜப்பானியச் சந்தைக்கான சாவிகள் பெரும்பாலும் 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசுகின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433. இரண்டும் ஒரே கூட்டுக்குள் வரும். அலைவரிசை ஒத்துப்போனாலும் உள்ளே இருக்கும் சிப்பின் வகை வேறாக இருந்தால் வண்டி ஏற்காது. பழைய சாவியைத் திறந்து மின்சுற்றுப் பலகையில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்து, அதே எண்ணுடையதைக் கேளுங்கள். வேறொரு வண்டியில் பதிவான ஸ்மார்ட் சாவியைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்குவதும் வீண். பல வகைகள் ஒருமுறை பதிவானதும் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கத் தனிக்கருவி வேண்டும்.

கம்பளையிலிருந்து: சிவனொளிபாதமலைக்குப் போனபோது படியில் எங்கோ சாவி விழுந்துவிட்டது. வண்டி நல்லதண்ணியில் நிற்கிறது. ஒரே சாவி. என்ன செய்வது?

முதலில் பதறாமல் பக்கத்துக் கடைகளிலும் பொலிஸ் காவலரணிலும் கேளுங்கள். பருவ காலத்தில் யாத்திரிகர்கள் கண்டெடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது உண்டு. கிடைக்கவில்லையென்றால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். அதோடு, சாவி செய்பவரிடம் காட்ட வாகனப் பதிவுச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை வேண்டும். வண்டி லீசிங்கில் இருந்து மூலச் சான்றிதழ் நிறுவனத்திடம் இருந்தால், பிரதியும் நிறுவனத்தின் கடிதமும். சாவியோடு முன்பு வந்த சிறிய உலோகத் தகட்டைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள எண்ணைக் கொண்டு பூட்டைக் கழற்றாமலே இரும்பை வெட்டலாம்.

இந்தப் பத்திரங்களைக் கேட்பதால் என்மேல் கோபப்படுபவர்கள் உண்டு. ஒருமுறை இரவில் ஒருவர் வந்து, அவசரம், மனைவி மருத்துவமனையில் என்றார். பத்திரம் ஒன்றும் இல்லை. வண்டியின் கதவைத் தொடவில்லை. அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் விட்டேன். மறுநாள் சான்றிதழோடு வந்தார், செய்துகொடுத்தேன். இந்த ஸ்கேனர் கருவியால் எந்த வண்டியையும் யாருக்கும் சொந்தமாக்கிவிடலாம். அதனால் எனக்கு இதில் தளர்வு கிடையாது, உங்களுக்குச் செய்பவரிடமும் தளர்வு இருக்கக் கூடாது. பத்திரம் கேட்காமல் சாவி செய்பவர் நாளை உங்கள் வண்டிக்கும் அப்படிச் செய்வார்.

புதிய சாவி பதிவான பின் தொலைந்ததை நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். வண்டி எத்தனை சாவியை அறிந்திருக்கிறது என்பதை ஸ்கேனரில் உங்கள் கண்ணால் பாருங்கள். தொலைந்ததில் இரும்புச் சாவியும் இருந்தால் அது இன்னும் கதவைத் திறக்கும். பெறுமதியானதை உள்ளே வைக்காதீர்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: மழையில் நனைந்த சாவியைத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் சூட்டருகே வைத்தேன். கூடு வளைந்து, பொத்தான் இறங்கிவிட்டது.

தம்பி, அவ்வளவு சூட்டைப் பற்றரியும் தாங்காது, பிளாஸ்டிக்கும் தாங்காது. நனைந்ததும் முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. நீர் தனியாகச் செய்யும் கேட்டைவிட, நீரோடு மின்சாரம் சேர்ந்து செம்புக் கோடுகளைப் பச்சை பிடிக்க வைப்பதே பெரிய கேடு. பிறகு கூட்டைத் திறந்து, பலகையை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மெல்லிய தூரிகையால் கழுவி, நிழற்காற்றில் ஒருநாள் விடுங்கள். பலகை தப்பியிருந்தால் வெறும் கூடு மட்டும் வாங்கி மாற்றலாம். சாவித் தலையில் சிப் தனித் துண்டாக ஒட்டியிருக்கும் வகையானால் அதையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். பழைய கூட்டோடு எறிந்துவிட்டு வந்து அழுதவர்கள் பலர்.

ஹட்டனிலிருந்தே: பிரியஸ் முழுக்கச் செத்துக் கிடக்கிறது. சாவியின் பற்றரி புதியது. கதவும் திறக்கவில்லை.

அப்படியானால் வண்டியின் 12 வோல்ட் பற்றரிதான் இறங்கியிருக்கிறது. ஸ்மார்ட் சாவியின் பக்கத்திலுள்ள தாழை நகர்த்தினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். ஓட்டுநர் கதவை அதால் திறங்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அந்தப் பற்றரி பின்பெட்டியில் இருக்கிறது, பின்கதவோ மின்சாரத்தில் திறப்பது. ஆகவே முன்மூடியைத் தூக்கி, உருகி (பியூஸ்) பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட முனையில் நேர்மின் கம்பியைக் கொடுங்கள். எதிர்மின் கம்பியை வண்டியின் உலோகத்தில் மாட்டுங்கள். மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், ஹைபிரிட் வண்டியில் அந்தப் பிழை மிகவும் செலவானது.

பின்னொரு நாள் சாவியின் பற்றரியே இறந்துபோனால், பிரேக்கை மிதித்தபடி சாவியின் சின்னமுள்ள பக்கத்தை வண்டியின் ஸ்டார்ட் பொத்தானில் தொடுங்கள். ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தினால் வண்டி எழும்பும்.